கதையில் இவர்கள் யார் என்று இரண்டாம் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டுமா?

கேள்வி: பிழைதிருத்தி (சிவகாசி)

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் 11 வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். தினக் காலண்டரின் 365 தாள்களும் என் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குப் போகின்றன. ராகு காலம் பிசகினால்கூட மன்னிப்பு உண்டு. ஒரு முகூர்த்த நாள் விடுபட்டால் முதலாளி உயிரை எடுத்துவிடுவார். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நாள் சரிபார்க்கும் எனக்கு வயது 36, கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. நான் ஆண்களைக் காதலிப்பவன். இது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். தெரியும் என்பது எனக்குத் தெரியாது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

சென்ற ஆடியில் ஒரு சிறுகதை எழுதினேன். ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளியாகிவிட்டால் மார்கழி வரை மூச்சு விட நேரமிருக்காது. அதற்கு முந்தைய வாரம் அது. கதையின் பெயர் ‘பீரோ’. ஒரு மாடி வீட்டில் 6 வருடமாகச் சேர்ந்து குடியிருக்கும் இரண்டு ஆண்கள். ஒருவன் பைண்டிங் வேலை, மற்றவன் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு. வீட்டுக்காரர் தன் மகன் கல்யாணத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பீரோவை இறக்க வேண்டும். அது மேலே ஏறிய காலத்தில் படிக்கட்டில் கிரில் கதவு கிடையாது, இப்போது இருக்கிறது. அதைச் சாய்த்து, திருப்பி, கால் விரலில் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் வைதுகொண்டு இறக்கப் பார்ப்பதுதான் 9 பக்கமும். எடையைக் குறைப்பதற்காக உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து வெளியே போடுகிறார்கள். எந்தச் சட்டை யாருடையது என்பது இருவருக்கும் மறந்துபோயிருக்கிறது. லாக்கருக்குள் கிழித்து மடித்த ஒரு காலண்டர் தாள் கிடக்கிறது. அந்த வீட்டில் பால் காய்ச்சிய நாள். அஷ்டமி, போதாக்குறைக்குக் கரிநாள். அன்றைக்குத்தான் வண்டி வாடகை குறைவு என்பதால் தெரிந்தேதான் குடிவந்தார்கள். கதை அவ்வளவுதான்.

ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர்; 40 நிமிடம் பேசினார். கதை பிடித்திருக்கிறதாம். ஆனால் இவர்கள் அண்ணன் தம்பியா, நண்பர்களா, “அப்படியா” என்பது கடைசி வரை தெளிவாகவில்லையாம். இரண்டாம் பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள் என்றார். முடிந்தால் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல் எங்காவது வரட்டும். ஒருவனை அப்பா அடித்து விரட்டிய முன்கதை அரைப்பக்கம் இருந்தால் வாசகருக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும். “போராட்டமே இல்லையே தம்பி” என்றார். பீரோவோடு 9 பக்கம் போராடுகிறார்களே ஐயா என்று சொல்ல வாய் வரை வந்தது.

அந்தச் சொல்லைப் பற்றி ஒரு மெய்ப்புத் திருத்துபவனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘சேர்க்கை’ என்று பார்த்ததும் என் கை தானாக முன்னால் ‘கல்லூரி’ என்று எழுதப் போகிறது. இத்தனை வருட வாழ்க்கையில் கட்டிலைத் தவிர வேறு எதுவும் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் மரியாதையான சொற்பட்டியல் ஒன்று வெளிவந்தது. பால்புதுமையர் என்ற சொல் அதில் உண்டு. ஆசிரியரிடம் அதைச் சொன்னேன். “அதைப் போட்டால் அதற்கும் அடிக்குறிப்புப் போட வேண்டும்” என்றார். அதுவும் உண்மைதான்.

என் சிக்கல் சொல்லோடு முடியவில்லை. 2006இல் நான் பிளஸ் டூ. ‘வேட்டையாடு விளையாடு’ பார்க்க நண்பர்களோடு போனேன். கொலைகாரர்கள் இருவரையும் பார்த்து நீங்கள் ஹோமோசெக்ஷுவல்ஸா என்று நாயகன் கேட்பார், தியேட்டரே விசிலடித்தது. நானும் அடித்தேன், அடிக்காவிட்டால் பக்கத்து இருக்கைக்காரன் திரும்பிப் பார்ப்பானோ என்று. அதன் பிறகு காலம் மாறத்தான் செய்தது. 2020இல் வந்த ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் ‘தங்கம்’ பார்த்து அழுதேன். ஆனால் அதில் வரும் திருநங்கை சத்தார் கடைசியில் சாவாள் என்பது முதல் 10 நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று யோசித்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது. வில்லனாக இருந்தோம், பிறகு நகைச்சுவைக்கு ஆனோம், இப்போது பிணமாகிப் பிறரைத் திருத்துகிறோம். நல்ல படங்களில்கூட மாறுவது அம்மா, அல்லது அப்பா, அல்லது ஊர். நாங்கள் நடுவில் நின்று அவர்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் கதையில் யாரும் யாரையும் தெரிந்துகொள்ளவில்லை. அவர்களுக்கு அவர்களைத் தெரியும். அது போதாதா? விளக்கம் இல்லாமல் எழுதுவது வாசகரை மதிப்பதா, அல்லது நான் இன்னும் ஒளிந்துகொள்வதற்கு இலக்கியத்தைச் சாக்காக வைத்திருக்கிறேனா? இரவு 2 மணி ஆனால் இரண்டாவதுதான் உண்மை என்று தோன்றுகிறது. எழுதுபவர்கள், படம் எடுப்பவர்கள், பார்ப்பவர்கள் யாராயினும் சொல்லுங்கள்.


மூன்றாம்வரிசை (சாலிகிராமம்)

நான் உதவி இயக்குநர். பெண்ணைத்தான் காதலித்தேன், அவர் வேறொருவரைக் கட்டிக்கொண்டார். எனவே இந்த விஷயத்தில் வெளியாள். தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

உங்கள் ஆசிரியர் பக்கம் கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன். கதை விவாதத்தில் உட்காரும்போது எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, தியேட்டருக்கு வருகிறவன் யார் என்பது. தெரியாதவனைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவர வேண்டியிருக்கிறது. 2023இல் ‘காதல் தி கோர்’ வந்தபோது ஊரிலிருந்தேன். மலையாளப் படம், ஆண்களைக் காதலிக்கும் ஒரு குடும்பஸ்தராக மம்மூட்டி. எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம், மலை ஏறினால் கேரளம். என் அப்பா மம்மூட்டி ரசிகர். எதைப் பற்றிய படம் என்று தெரியாமலே என்னோடு வந்தார். படத்தில் மனைவி ஓமனா விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போது, “அந்தப் பொம்பளை பாவம். அவனும் பாவம்தான்” என்றார். 68 வயது மனிதர். வாழ்நாளில் அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் படம் நீதிமன்றத்தையும் தேர்தலையும் மகளையும் வைத்து விளக்கியிருக்காவிட்டால் அப்பா இடைவேளையில் எழுந்து போயிருப்பார்.

ஒரு வரி போடுவதால் கதை கெட்டுவிடாது என்பது என் எண்ணம். அந்த அரைப்பக்க அடிதடி வேண்டாம்.


பிழைதிருத்தி

உங்கள் அப்பாவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். அவர் ஓமனாவைப் பார்த்தார், மம்மூட்டியைப் பார்த்தார். தங்கனைப் பார்த்தாரா? மம்மூட்டியின் காதலராக வரும், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த மனிதர் படத்தில் எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன், வேலை அப்படி. மம்மூட்டியின் மாத்யூவும் அவரும் தனியாக இருக்கும்போது என்ன பேசிக்கொள்வார்கள், காபிக்குச் சர்க்கரை போடுவார்களா, யார் முதலில் கோபித்துக்கொள்வார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. படம் சிறந்த படம். நான் தங்கன் வீட்டுக்குள் போக விரும்புகிறேன், அவ்வளவுதான்.


மூன்றாம்வரிசை

ஒப்புக்கொள்கிறேன். அப்பாவிடம் தங்கன் யார் என்று கேட்டால் “எந்தத் தங்கன்?” என்பார்.


கூத்துக்காரி (விழுப்புரம் பக்கம்)

தம்பி, நான் திருநங்கை. 20 வருடமாகக் கூத்தாடுகிறேன், நவீன நாடகமும் உண்டு. கைப்பேசியில் தட்டுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

போராட்டம் இல்லையே என்று உன் ஆசிரியர் கேட்டதைப் படித்ததும் சிரித்தேன். எங்களிடம் வேறு எதையுமே கேட்டதில்லை. பதிப்பாளர் வந்தால், பேட்டி எடுப்பவர் வந்தால், கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வுக்கு வந்தால் எல்லோருக்கும் மூன்று இடம் வேண்டும்: வீட்டை விட்டு ஓடிய ராத்திரி, அறுவைச் சிகிச்சை, ரயிலில் கைதட்டிக் காசு கேட்டது. திரௌபதி வேடம் கட்டி ஒரு ராத்திரி முழுக்க ஆடிவிட்டு விடியலில் முகச்சாயம் கலைக்கும்போது என்ன நினைப்பாய் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பசிக்கிறது என்று சொல்லியிருப்பேன். இட்லிக் கடை திறக்க 5 மணி ஆகும்.

புத்தகங்களைக் குறை சொல்லவில்லை. எங்களில் ஒருவரான எழுத்தாளர் ரேவதி அம்மா முதலில் மற்றவர்கள் வாழ்க்கையைக் கேட்டுத் தொகுத்து ‘உணர்வும் உருவமும்’ போட்டார். தன் கதையைப் பிறகுதான் எழுதினார். அதுவும் முதலில் ஆங்கிலத்தில் வெளிவந்து, அப்புறம்தான் ‘வெள்ளை மொழி’யாகத் தமிழ் வாசகர் கைக்கு வந்தது. 2007இல் வித்யா ‘நான் வித்யா’ எழுதினார். என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு கதவு. அந்தப் புத்தகம் கன்னடத்தில் படமானது. வேடம் கட்டிய சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் ஷில்பா என்ற திருநங்கையாக வந்த விஜய் சேதுபதிக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. இரண்டு பேரும் நன்றாக நடித்தார்கள், மறுக்கவில்லை. எங்கள் வாழ்க்கையை ஆண்கள் கட்டிக்கொண்டால் விருது, நாங்கள் கட்டிக்கொண்டால் கடைக்காரர் ஷட்டரை இறக்குகிறார் என்று ஒரு முறை மேடையில் சொன்னேன். கைதட்டினார்கள்.

ஷில்பாவைப் பற்றி இன்னொன்று. மகனாக வரும் அந்தச் சின்னப் பையன் ஷில்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் இடங்களில் நான் உருகிப்போனேன். பிறகு, பிள்ளை பிடித்துக் கொடுத்ததாக ஷில்பா வாயாலேயே சொல்ல வைத்தார்கள். எங்கள் தெருவில் எந்தக் குழந்தை காணாமல் போனாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த ஒரு வசனத்தை எழுதும்போது பக்கத்தில் எங்களில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பாள்.

ஆனால் எங்கள் ஆள் நடித்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. 2015இல் ‘ஐ’ வந்தது. அதில் அந்த ஒப்பனைக் கலைஞராக நடித்த ஓஜஸ் ரஜானி திருநங்கைதான். எங்கள் ஜனம் அந்தப் படத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. ஆள் எங்கள் ஆள், கண் வேறு யாருடையதோ. அதே நேரம் ‘பேரன்பு’ எடுத்துக்கொள். எங்கள் ஆளான அஞ்சலி அமீர் வருகிறார், மம்மூட்டிக்கும் அவர் மகளாக வரும் பிள்ளைக்கும் துணையாகிறார். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். சரத்குமார் ‘காஞ்சனா’வில் திருநங்கையாக வந்த பிறகு கொஞ்ச நாள் பஸ்ஸில் எனக்கு இடம் விட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மரியாதையா பயமா என்று நான் விசாரிக்கவில்லை, உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது உன் பீரோவுக்கு வருகிறேன். கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு, உனக்குத் தெரியும். ராஜா யார், எந்த நாடு, ஏன் கோபம் என்று எல்லாவற்றையும் அவன்தான் சபைக்குச் சொல்வான். சொல்வான், கிண்டலும் செய்வான். அவன் இருப்பதால் துரியோதனன் தன்னைப் பற்றிச் சபைக்கு மன்றாட வேண்டியதில்லை. வந்ததும் ஆட ஆரம்பித்துவிடலாம். உன் ஆசிரியர் கேட்பது, அந்த இரண்டு பையன்களும் தாங்களே கட்டியங்காரன் வேலையும் பார்க்க வேண்டும் என்று. அது வேண்டாம். பீரோ தூக்குகிறவனுக்கு மூச்சு வாங்கும், விளக்கம் சொல்ல முடியாது.

ஆனால் உன் கதையில் கட்டியங்காரன் இல்லாதது எனக்கும் உறுத்துகிறது. 6 வருடம் ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள். கீழே வீட்டுக்காரர். அவருக்குத் தெரியாதா? தெருவில் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்குத் தெரியாதா? சிவகாசியில் அப்படி ஒரு தெரு இருந்தால் நான் நாளைக்கே குடிவருகிறேன். அவரை எங்கே ஒளித்து வைத்தாய்? அவரைப் படிக்கட்டின் கீழே நிறுத்து. பீரோ இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஏதாவது சொல்லட்டும். அவர் என்ன சொல்வார் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதைத்தான் நீ ஒளித்து வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன்.


நாலாவதுமாடி (மாட்டுங்கா, மும்பை)

அண்ணாச்சி, பூர்வீகம் நாங்குநேரி, பிறந்து வளர்ந்தது இங்கே. உங்களைப் போன்றவன்தான்.

‘சபர் போண்டா’ பார்த்தீர்களா? மராட்டிப் படம். ரோகன் பரசுராம் கானவடே எடுத்தது, 2025இல் சண்டான்ஸ் விழாவில் உலகத் திரைப்படப் பிரிவின் பெரிய பரிசு அதற்குத்தான். நான் இங்கே தியேட்டரில் பார்த்தேன். அரங்கில் மொத்தம் 14 பேர். மும்பையில் வேலை பார்க்கும் ஆனந்த், அப்பா இறந்ததும் 10 நாள் துக்கத்துக்காகக் கிராமத்துக்குப் போகிறான். சொந்தக்காரர்கள் எல்லோரும் எப்போது கல்யாணம் என்று பிடுங்குகிறார்கள். அங்கே பழைய சிநேகிதன் பால்யா, ஆடு மேய்ப்பவன். இயக்குநர் தன் அப்பாவின் சாவுக்குப் போன அனுபவத்திலிருந்துதான் எழுதினாராம்.

உங்கள் கேள்விக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், அந்தப் படத்தில் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். படம் தொடங்குவதற்கு முன்பே தெரியும். ஆனந்த் உட்கார வைத்துச் சொல்லும் காட்சியே கிடையாது. சொந்தக்காரர்களைச் சமாளிக்க என்ன பொய் சொல்லலாம் என்று அம்மாவும் மகனும் சேர்ந்துதான் யோசிக்கிறார்கள். நான் இருக்கையிலேயே அழுதேன். சோகத்தில் அழவில்லை. இதற்கு முன்னால் எந்தப் படத்திலும் எனக்கு இவ்வளவு நேரம் மிச்சமானதில்லை! எல்லாப் படத்திலும் முக்கால் மணி நேரம் அந்தச் சொல்லும் காட்சிக்கும் அதற்குப் பிந்தைய அழுகைக்கும் போய்விடும். இங்கே அந்த நேரம் முழுக்க மரத்தடி, ஆடு, எண்ணெய், சும்மா படுத்திருப்பது.

சபர் போண்டா என்றால் சப்பாத்திக்கள்ளிப் பழம். தெரியும்தானே! நாங்குநேரிக்கு லீவுக்குப் போகும்போது தேரிக்காட்டு ஓரத்தில் பறித்துத் தின்போம், நாக்கு இரண்டு நாளைக்குச் சிவப்பு. சுணை குத்தி உதடு வீங்கியதும் உண்டு. மராட்டியில் ஒருவன் அந்தப் பழத்தை வைத்துக் காதல் படம் எடுத்துவிட்டான். நம் ஊரில் வேலி முழுக்கக் காய்த்துக் கிடக்கிறது.

பீரோவை அப்படியே விடுங்கள். ஒரு வரிகூட வேண்டாம்.


கடைக்குட்டி (கோயம்புத்தூர்)

ஒரு வரி வேண்டாம் என்று ஆண்கள் சொல்வது சுலபம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நானும் என் துணையும் 9 வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவரும் ஜவுளி ஏற்றுமதி அலுவலகங்களில் வேலை. எங்களுக்கு வீடு கிடைப்பதில் சிரமமே இருந்ததில்லை. “இரண்டு பெண் பிள்ளைகள், பத்திரமாக இருக்கும்” என்று தேடி வந்து கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா எங்களைக் காட்டித் தன் மகளிடம் “சிநேகிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும்” என்கிறார். யாரும் எங்களை அடிக்கவில்லை, யாரும் எங்களைப் பார்க்கவும் இல்லை. உங்கள் ‘பீரோ’ கதையில் இரண்டு பெண்களைப் போட்டுப் பாருங்கள். சட்டைக்குப் பதில் சுடிதார். எது யாருடையது என்று தெரியவில்லை. அதைப் படித்துவிட்டு, “ஆகா, என்ன அருமையான தோழிகள்” என்று ஆசிரியருக்குக் கடிதம் வரும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நாங்கள் இல்லவே இல்லை.

இந்தத் திரியில் எல்லோரும் மம்மூட்டியைச் சுற்றியே வருகிறீர்கள். 2025 பிப்ரவரி 14 அன்று ‘காதல் என்பது பொதுவுடைமை’ வந்தது. மகள் தான் காதலிப்பவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறாள். வந்து நிற்பது ஒரு பெண். பிழைதிருத்தி ஐயா சொல்கிற குறை அதற்கும் பொருந்தும்: கதை பெரும்பாலும் ரோகிணி ஏற்றிருக்கும் அம்மாவுடையது. முற்போக்கான அம்மா, தன் வீட்டுக்குள் வந்ததும் தடுமாறுகிறார். ஒரு எழுத்தாளராக நீங்கள் அதைக் குறை என்பீர்கள். நான் என் அம்மாவை உடுமலையிலிருந்து வரவழைத்து அந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் துணை வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னோம், பயம்தான். அம்மா படம் முடிந்ததும், “அந்தப் பொண்ணு சாப்பிடாமலேயே போய்விட்டதா?” என்று மட்டும் கேட்டார். எந்தக் காட்சியை மனதில் வைத்துக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல்காரிக்கு ரசம் வைத்தார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எனவே அம்மாக்களுக்கான படங்கள் எனக்கு இன்னும் ஒரு பத்தாவது வேண்டும். உங்களுக்கு அலுத்துப்போகும் அளவுக்கு உங்களைப் பற்றிப் படங்கள் வந்திருக்கலாம். எங்களுக்கு அந்த அலுப்பு இன்னும் வந்துசேரவில்லை. தமிழில் பெண்ணைக் காதலிக்கும் பெண்களை வைத்து 2017இல் மாலினி ஜீவரத்தினம் ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதற்கும் இதற்கும் நடுவில் எத்தனை என்று விரல் மடக்கிப் பாருங்கள், ஒரு கை போதும்.

கூத்துக்காரி அக்கா சொன்னதுதான் எனக்கும் சரி என்று படுகிறது. வீட்டுக்காரரைக் கொண்டுவாருங்கள். உங்கள் ஆட்களை விளக்கச் சொல்லாமல், அவர்களைப் பார்க்கும் ஒருவரையாவது கதைக்குள் வையுங்கள்.


மூன்றாம்வரிசை

கட்டியங்காரன் விஷயத்தை எங்கள் கதை விவாதத்தில் சொல்லப்போகிறேன். அக்கா, உரிமைத்தொகை கேட்பீர்களா?


கூத்துக்காரி

ஒரு நாள் படப்பிடிப்புக்குக் கூப்பிடு. பிணமாக அல்ல, பேயாகவும் அல்ல. வங்கியில் வரிசையில் நிற்கும் ஒருத்தியாக. வசனம்கூட வேண்டாம்.


பிழைதிருத்தி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்; ராசிபலன் தாள்கள் வந்து குவிந்துவிட்டன.

கடைக்குட்டி, நீங்கள் சொன்ன கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு ஆண்கள் என்றால் சந்தேகப்படுவார்கள், அந்தச் சந்தேகமே பாதி விளக்கத்தைச் செய்துவிடும் என்று நான் நம்பியிருந்தது உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த ரசம் எனக்கு மறக்காது. நாலாவதுமாடி, இங்கே ரயில்வே லைன் ஓரத்தில் இன்னும் சப்பாத்திக்கள்ளி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பழம் இல்லை, பூ இருந்தது.

கூத்துக்காரி அக்கா, ஒளித்து வைத்திருக்கிறாய் என்று சொன்னீர்கள். உண்மை. கதையில் வரும் வீட்டுக்காரர் கற்பனை இல்லை. நான் 29 வயதில் ஒருவரோடு குடியிருந்தேன், 3 வருடம். காலி செய்யச் சொன்னது கல்யாணத்துக்காக என்று கதையில் எழுதியிருக்கிறேன். நிஜத்தில் காரணம் சொல்லப்படவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சாமான் இறக்கிய அன்று வீட்டுக்காரர் படிக்கட்டின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாயிலிருந்து ஏதாவது வசை வந்திருந்தால் கதை எழுத எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து வந்து பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார். 60 வயதுக்கு மேல் அவருக்கு. “கண்ணாடி உங்கள் பக்கமா, அவர் பக்கமா, பார்த்துத் திருப்புங்கள்” என்றார். கீழே இறங்கியதும் மூச்சு வாங்கிக்கொண்டே, “இதை ரெண்டாகப் பிரிக்க முடியாதே, யார் கொண்டுபோகப் போகிறீர்கள்?” என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள் பிரியப்போகிறோம் என்பதுகூட. அது அன்று காலைதான் எங்களுக்கே தெரியும்.

இதைக் கதையில் சேர்ப்பதற்கு 4 நாள் ஆனது. கரிநாள் தாளை எடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்த பிறகு அது கொஞ்சம் சாமர்த்தியமாகத் தெரிந்தது. அவரது கேள்வி இரண்டாம் பக்கத்தில் இல்லை, எட்டாவது பக்கத்தில் வருகிறது. அப்பா அடித்த முன்கதை இல்லை. அந்தச் சொல்லும் இல்லை.

ஆசிரியருக்கு மறுபடி அனுப்பினேன். நேற்று அழைத்தார். “இப்போது புரிகிறது. ஆனால் பீரோவை யார் கொண்டுபோனார்கள் என்று சொல்லவில்லையே?” என்று கேட்டார்.

என் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா அதில் தன் பட்டுப்புடவைகளை வைத்திருக்கிறார். ஆசிரியரிடம் அதைச் சொல்லவில்லை. அடுத்த இதழில் போடுகிறேன் என்றார், சரி என்று வைத்துவிட்டேன். அக்டோபர் தாள்கள் மேசையில் காத்திருந்தன.